குளிரில் மட்டும் பாடிய பெட்டி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கஜேந்திரன் அண்ணன் இப்போது வளைகுடாவில், கட்டாரில் இருக்கிறார். அவர் கையால் செய்த கிட்டார் பெடல் எந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னாலும் இல்லை. கடைசிப் பத்தியில் ஏதாவது நல்லது நடந்துவிடும் என்று காத்திருந்து நீங்கள் ஏமாறக் கூடாது, அதற்காகத்தான் இப்போதே சொல்கிறேன். நாங்கள் அப்படித்தான் காத்திருந்தோம்.

பெடல் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்கு: கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்ன இரும்புப் பெட்டி அது. காலால் ஒரு மிதி மிதித்தால் கிட்டாரின் சத்தம் மாறும். கிழியும், கொதிக்கும், எதிரொலிக்கும். பங்க் என்பது கோபத்தை வைத்துச் செய்கிற இசை. பெரிதாகப் பாடத் தெரிய வேண்டாம், வாசிக்கத் தெரிய வேண்டாம், தொண்டை கிழியக் கத்த ஒரு காரணம் இருந்தால் போதும். ஆனால் அந்தக் கோபம் ஊருக்குக் கேட்பது இந்தப் பெட்டி வழியாகத்தான். அதனால் பங்க் வாசிக்கிறவர்கள் பெடலைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டார்கள். நானும் நிறுத்தமாட்டேன்.

ஒரு இசைக்குழுவின், அதாவது பாண்டின், காலடியில் கிடக்கும் பெட்டிகளைப் பார்த்தே அது எந்த வருஷம் என்று என்னால் சொல்ல முடியும். நாங்கள் கண்டிக்குப் பக்கத்தில் கட்டுகஸ்தோட்டையில் ஒரு வாகனத் திருத்தகத்தின் பின்னறையில் ‘ஈரச் சுவர்’ என்ற எங்கள் பாண்டைத் தொடங்கியபோது எல்லாருடைய காலடியிலும் ஒரே பெட்டிதான், ஜப்பானில் செய்த, சத்தத்தைக் கிழிக்கிற செம்மஞ்சள் டிஸ்டோர்ஷன். இரண்டாவது பெட்டி வைத்திருந்தால் "என்ன, கல்யாண வீட்டுக்கு வாசிக்கப் போறீங்களா?" என்று கேலி செய்வார்கள். பிறகு பங்க்காரர்கள் எல்லாரும் ஒரேயடியாகச் சோகமாகிவிட்டார்கள். எதிரொலிக்கிற பெட்டி, அலையடிக்கிற பெட்டி என்று வரிசையாக வைத்தார்கள். பாடுகிறவரின் கோபம் கிணற்றுக்குள் இருந்து வருவது போலக் கேட்டது. அப்புறம் இறக்குமதித் தடை. பெடலும் இல்லை, கம்பியும் இல்லை, மின்சாரமும் இல்லை. எண்ணெய்க்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற அந்த வருஷங்கள்தான் கஜேந்திரன் அண்ணனின் காலம். அதற்கு முன்னும் அவருக்குக் காலம் இருக்கவில்லை, பின்னும் இல்லை.

அவர் வத்தேகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது முப்பத்தாறு வயது. கண்டி பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், படியேறிப் போனால் ஒரு போன் திருத்துகிற கடை இருந்தது. அங்கே கண்ணாடி மேசைக்குப் பின்னால் பதினொரு வருஷம் உட்கார்ந்திருந்தார். எங்கள் கிட்டார்க்காரி லதுஷா, பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, தன்னுடைய செம்மஞ்சள் பெட்டி செத்துப்போன அன்று வேறு வழியில்லாமல் அங்கே கொண்டுபோனாள். நானும் போனேன், எங்கள் ட்ரம்ஸ்காரன் பாயிஸும் வந்தான்.

"இது என்னா தங்கச்சி, கதவு மணியா?" என்றார் அண்ணன், பெட்டியைத் திருப்பிப் பார்த்து.

"இல்லை அண்ணை, கிட்டார் பெடல். வேலை செய்யுதில்லை."

அரை மணித்தியாலத்தில் திருத்திவிட்டார். சோதித்துப் பார்க்க வேண்டும் என்றார். கடை வாசலில், போனுக்குக் காசு போடும் ரீலோட் விளம்பரம் ஓடும் ஸ்பீக்கரைக் கழற்றி இதில் கொழுவினார். லதுஷா முதுகில் தொங்கிய கிட்டாரை எடுத்து ஒரே இழுப்பு. ஒழுங்கையில் போன ஆட்கள் எல்லாம் அண்ணாந்து பார்த்தார்கள். கீழே பழக்கடைக்காரர் சிங்களத்தில் ஏசினார்.

அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார். "கொஞ்சம் பொறுங்க. இது பழுதாகி இப்படிக் கத்துதா, இல்ல இப்படித்தான் கத்தணுமா?"

"இப்பிடித்தான் கத்தோணும் அண்ணை."

"அப்ப நான் சரியாத் திருத்திட்டேன்னு எப்படித் தெரிஞ்சிக்கிறது?"

பாயிஸ் சிரித்தான். "நாங்களே அதத்தான் தேடிக்கிட்டு ஈக்கிறோம் நானா."

மடவளைக்காரனான அவன் அன்றிலிருந்து, அவர்கள் வீட்டில் அண்ணனைக் கூப்பிடுவது போல, அவரை நானா என்றே கூப்பிட்டான். அண்ணனுக்கு அது பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கேள்வி அவரை விடவில்லை. மறுவாரம் எங்கள் பின்னறைக்கே வந்துவிட்டார். மூலையில் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்து இரண்டு மணித்தியாலம் கண்ணை மூடிக் கேட்டார். பாட்டு எதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை, அதை மறைக்கவும் இல்லை. சத்தம் மட்டும் பிடித்துவிட்டது. "சத்தம் உடையற இடம் ஒண்ணு இருக்கு பாருங்க," என்றார் போகும்போது. "அந்த இடத்த நம்ம இஷ்டத்துக்கு வைக்கலாம்."

அவர் செய்தது ஃபஸ் பெடல். பெடல்களிலேயே மிகப் பழைய வகை, மிகச் சின்னச் சுற்று. உள்ளே இரண்டு டிரான்சிஸ்டர், நாலைந்து சில்லறைச் சாமான், ஒரு பட்டரி, அவ்வளவுதான். ஆனால் அந்த இரண்டும் ஜெர்மேனியம் என்ற பொருளில் செய்ததாக இருந்தால்தான் சத்தம் தகரத்தைக் கிழிப்பது போல இல்லாமல் தொண்டையைக் கிழிப்பது போல வரும். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. பழைய ரேடியோக்களுக்குள் கிடக்கிறது. தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளில் ஓடாத ரேடியோக்கள் நிறையக் கிடந்தன.

ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் அவர் சோதிக்கும் விதம் இருக்கிறதே! மீற்றரில் கொழுவுவார், பிறகு இரண்டு விரலால் அதைப் பிடித்துக்கொண்டு முள்ளைப் பார்ப்பார். விரல் சூட்டுக்கு முள் ஏறும். அதிகம் ஏறினால் தூக்கிப் போட்டுவிடுவார். "இது சூடு பட்டா கரண்ட் கசியும். கொஞ்சம் கசிஞ்சாப் பரவால்ல. பாடும். நிறையக் கசிஞ்சா இருமத்தான் செய்யும்." அதற்காகப் பெட்டியின் உள்ளே ஒரு குட்டித் திருகு வைத்திருந்தார். பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை, அதன் வழியாக ஒரு சின்ன ஸ்க்ரூ ட்ரைவரை விட்டுத் திருகைக் கொஞ்சம் திருப்பினால் சூட்டுக்கு ஏற்றபடி சத்தம் சரியாகிவிடும்.

தோட்டத்தில் ஓய்வுபெற்ற லொறி டிரைவர் ஒருவர் இருந்தார், பெயர் ராஜலிங்கம். அவருடைய அலுமாரிக்கு மேல் இருந்த ரேடியோவைத்தான் அண்ணன் முக்கியமாகக் கண் வைத்திருந்தார். கேட்கப் போனபோது நானும் கூட இருந்தேன்.

"குடுக்கிறேன்," என்றார் ராஜலிங்கம். "ஆனா பெட்டில என் பேரு எழுதணும். முழுப் பேரு. இனிஷியலோட."

"எதுக்கு மாமா? யாரோ ரெண்டு பேர் கால்ல போட்டு மிதிக்கிற சாமான்."

"மிதிக்கட்டும். இந்தத் தோட்டத்துல நாப்பது வருஷம் லொறி ஓட்டியிருக்கேன். எங்கயாச்சும் என் பேரு எழுதியிருக்கா? நீயே சொல்லு."

அண்ணனின் மனைவி சுகிர்தா அக்கா முன்பள்ளி ஆசிரியை. பெட்டிகளுக்கு நிறம் அடிப்பது, எழுதுவது எல்லாம் அவர்தான், நெயில் பொலிஷால். கறுப்புப் பெட்டியில் சிவப்பு எழுத்தில் ‘பி. ராஜலிங்கம்’ என்று எழுதினார். பிள்ளைகளுக்குப் பெயர் அட்டை எழுதிப் பழகிய உருண்டைக் கையெழுத்து. அதற்குப் பிறகு வந்த பெட்டிகளுக்கெல்லாம் அதுவே வழக்கமாகிவிட்டது. யார் வீட்டு ரேடியோவோ அவர் பெயர். ஆனால் ராஜலிங்கம் பெட்டி மாதிரி ஒன்று வரவேயில்லை. லதுஷா அதை மிதித்த முதல் நாள் பாயிஸ் ட்ரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து பெட்டியைக் குனிந்து பார்த்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். தொண்டைக்குள் நாற்பது வருஷமாக அடைத்துக் கிடந்த ஏதோ ஒன்றைக் காறித் துப்புவது போல இருந்தது அந்தச் சத்தம்.

அப்புறம்தான் அந்தக் களவு நடந்தது. கொழும்பிலிருந்து ஒருத்தன் வந்து ஒரு பெட்டி வாங்கிப் போனான். இரண்டு மாதம் கழித்து லதுஷா தன் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பளபளப்பான பெட்டி, ஆங்கிலப் பெயர், உள்ளே அப்படியே அண்ணனின் சுற்று. குட்டித் திருகு, அடியில் ஓட்டை, அதுகூட அதே இடத்தில்.

அண்ணன் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். "சோல்டர் நல்லாத்தான் பிடிச்சிருக்கான்," என்றார்.

மறுநாள் ஹாட்வெயார் கடையிலிருந்து பசை வாங்கி வந்தார். இரண்டு டியூப்பைக் கலந்தால் கல்லாக இறுகுமே, அது. செய்து வைத்திருந்த எல்லாப் பெட்டிக்குள்ளும் ஊற்றினார். சுற்று தெரியாதபடி, யாரும் கழற்ற முடியாதபடி. ராஜலிங்கத்துக்குள்ளும்.

"அந்தத் திருகு ஓட்டைய மட்டும் விட்டுருங்க," என்றார் சுகிர்தா அக்கா.

"ஓட்டை இருந்தா கம்பிய விட்டுத் தோண்டுவானுங்க."

"அப்ப சூடு வந்தா என்னா செய்வீங்க?"

"கடையில மத்தியானத்துல வச்சுப் பார்த்தேன். இருபத்தொன்பது டிகிரி. நல்லாப் பாடுது. இதுக்கு மேல என்னா சூடு வரப்போகுது?"

கண்டிக்காரர் யாராக இருந்தாலும் இந்தத் தவறைத்தான் செய்திருப்பார்கள். எங்களுக்கு மத்தியான வெயில் என்றால் அதுதான் வெயில். அண்ணன் பெடல் செய்வது கடைக்குப் போகுமுன், காலை ஐந்து மணிக்கு, தோட்டத்து வீட்டில். பதினெட்டு டிகிரி. ஸ்வெட்டர் இல்லாமல் உட்கார முடியாது. அந்தக் குளிரில் திருகைச் சரிபார்த்து, மத்தியானத்துக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மேலே பசையை ஊற்றி மூடிவிட்டார்.

இதற்குள் காலம் மாறிவிட்டது. இறக்குமதி திறந்தது. பாண்டுகளின் காலடியில் ஒரே ஒரு பெரிய பெட்டி வந்தது, டிஜிட்டல், திரை வைத்தது. இருநூறு பெடலின் சத்தமும் அதற்குள்ளேயே. பங்க்காரர்கள் மாட்டார்கள் என்று நான் பந்தயம் கட்டினேன். அவர்கள்தான் முதலில் வாங்கினார்கள். தூக்கிக்கொண்டு பஸ் ஏற லேசு, அதுதான் காரணம். அண்ணனிடம் பெட்டி கேட்டு வருகிறவர்கள் குறைந்து, நின்றே போனார்கள். போன் கடை முதலாளியும் மே மாதத்தோடு கடையை மூடப்போவதாகச் சொன்னார். சுகிர்தா அக்காவின் தம்பி கட்டாரில் இருக்கிறார். ஹோட்டலில் ஏசி பராமரிக்கிற வேலைக்கு அவர் அண்ணனுக்குக் கடதாசி எல்லாம் சரிசெய்து அனுப்பினார். மெடிக்கல் முடிந்தது. மே ஏழாம் திகதி போக வேண்டும்.

அந்த நேரத்தில்தான் கொழும்பில் இசைக்கருவிக் கடை வைத்திருக்கும் ஒரு முதலாளி எங்கள் வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு அண்ணனுக்குப் போன் எடுத்தார். ஏப்ரல் கடைசிச் சனிக்கிழமை கொழும்பில் நடக்கிற நிகழ்ச்சிக்கு வருவதாகவும், பெட்டியை நேரில் கேட்பதாகவும், பிடித்தால் கடையில் பன்னிரண்டு பெட்டி வைப்பதாகவும் சொன்னார். அதோடு கடையின் பின்னால் திருத்தவும் செய்யவும் ஒரு மேசை, மாதச் சம்பளம்.

போனை வைத்துவிட்டு அண்ணன் எங்களைப் பார்த்தார். "மேசை தர்றாராம்," என்றார். பிறகு திரும்பவும், "மேசை."

"அப்ப கட்டார்?" என்றான் பாயிஸ்.

"இது சரி வந்தா எதுக்குக் கட்டார்?"

சனிக்கிழமை விடிய முதல் பஸ்ஸில் நாங்கள் ஐந்து பேரும் போனோம். அண்ணன் ராஜலிங்கத்தைத் துவாயில் சுற்றி மடியில் வைத்திருந்தார். கடுகண்ணாவையில் பஸ் மலையை விட்டு இறங்கத் தொடங்கியதும் சுகிர்தா அக்கா ஸ்வெட்டரைக் கழற்றினார். கேகாலையில் பாயிஸ் சட்டையின் மேல் பட்டனைத் திறந்தான். நான் ஜன்னலைத் தள்ளினேன். யாருமே எதையும் யோசிக்கவில்லை. இப்போது நினைத்தால் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது, அத்தனை பேரும் வியர்த்துக்கொண்டே போனோம்!

மண்டபம் தகரக் கூரை. பதினொரு மணிக்குச் சத்தம் சரிபார்த்தபோது கதவெல்லாம் திறந்திருந்தது, கடல் காற்று வந்தது. ராஜலிங்கம் பாடியது, கொஞ்சம் மெலிவாக. கடை முதலாளி அப்போதே வந்துவிட்டார். நரைத்த தாடி, மரியாதையான மனிதர், கொழும்புத் தமிழ். பெட்டியைக் கையில் எடுத்து, "யார் இந்த ராஜலிங்கம்?" என்று கேட்டார். அண்ணன் லொறிக் கதையைச் சொன்னார். முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "இந்தக் கதையோட வித்தா ஒரு கிழமையில பன்னிரண்டும் போயிரும் தம்பி," என்று அண்ணனின் தோளில் தட்டினார். சுகிர்தா அக்கா கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன்.

எங்கள் முறை மூன்று மணிக்கு. அதற்குள் இருநூறு பேர் உள்ளே வந்துவிட்டார்கள். அயல் வீட்டார் சத்தம் என்று முறைப்பாடு செய்ததால் கதவுகளைச் சாத்திவிட்டார்கள். மேடையில் லதுஷாவின் காலடிக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. பாஸ் கிட்டாரைப் பிடித்திருந்த என் கை வியர்வையில் வழுக்கியது.

முதல் பாட்டு நன்றாகப் போனது. இரண்டாவதில் ராஜலிங்கம் இருமியது.

சத்தம் வரும், நடுவில் அறும், திரும்ப வரும். லதுஷா கம்பியை எவ்வளவு பலமாக அடித்தாலும் ஒரு கனைப்பு மட்டும் வந்தது. அவள் என்னைப் பார்த்தாள், நான் மேடையின் ஓரத்தில் நின்ற அண்ணனைப் பார்த்தேன். அண்ணன் முகத்தில் எல்லாம் தெரிந்தது. எங்களுக்கு முன்னாலேயே அவருக்கு விளங்கிவிட்டது. ஓடினார். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே ஓடி, கன்டீனிலிருந்து ஒரு ஐஸ் தண்ணிப் போத்தலோடு ஓடி வந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே மேடையில் முழங்காலிட்டு, லதுஷாவின் கால்களுக்கு நடுவே குனிந்து, அந்தப் போத்தலை ராஜலிங்கத்தின் மேல் வைத்து இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் துணி வைப்பது போல!

பயனில்லை. இரும்புக்கும் டிரான்சிஸ்டருக்கும் நடுவே கல்லாக இறுகிய பசை இருந்தது. யாரையும் உள்ளே விடாமல் இருக்க அவர் ஊற்றிய பசை குளிரையும் உள்ளே விடவில்லை.

லதுஷா நிறுத்தவில்லை. கடைசிப் பாட்டை அந்தச் செத்துக்கொண்டிருந்த சத்தத்திலேயே வாசித்தாள். ஒவ்வொரு சுரமும் பாதியில் அறுந்து, காறி, மூச்சுத் திணறி விழுந்தது. அப்போது கூட்டம் என்ன செய்தது தெரியுமா? பைத்தியம் பிடித்தது போலக் குதித்தது. இப்படி ஒரு சத்தத்தை அவர்கள் கேட்டதே இல்லை. எங்கள் பாண்டின் ஆயுளில் எங்களுக்கு அப்படி ஒரு கைதட்டல் கிடைத்ததில்லை.

முதலாளி மேடைக்குப் பின்னால் வந்தார். கண் மின்னியது. "தம்பி கஜேந்திரன், அந்தக் கடைசிச் சத்தம்! அறுந்து அறுந்து வந்திச்சே. அது பழுதா, இல்ல அப்படித்தான் செஞ்சிருக்கீங்களா?"

நாங்கள் மூவரும் அண்ணனைப் பார்த்தோம். அண்ணன் போன் கடையில் லதுஷாவிடம் கேட்ட அதே கேள்வி. ஒரே ஒரு சொல். ‘அப்படித்தான் சார்.’ அதைச் சொன்னால் மேசை. லதுஷா முதலாளிக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டி ஆட்டிக் காட்டினாள். சுகிர்தா அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லைங்க சார்," என்றார் அண்ணன். ஐஸ் போத்தல் இன்னும் கையில் இருந்தது. "அது பழுது. சூட்டுக்கு ஏலாமப் போயிருச்சு. நான் திருக மூடிட்டேன். என் தப்பு."

முதலாளியின் முகம் மெல்ல அணைந்தது. கோபிக்கவில்லை. "கொழும்புல வேலை செய்யாத சாமானைக் கொழும்புல எப்படித் தம்பி விக்கிறது?" என்றார். "உண்மையச் சொன்னதுக்கு சந்தோஷம்." கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"விசரே அண்ணை உங்களுக்கு?" லதுஷா கத்தினாள், கண்ணீர் ஓடியது. "ஓம் எண்டு சொன்னா முடிஞ்சுது! சனம் எப்பிடிக் குதிச்சது எண்டு பாத்தனீங்கள்தானே!"

"இன்னைக்கு மூணு மணிக்கு இப்படி இருமுச்சு. நாளைக்கு வேற மாதிரி இருமும். காலையில இருமவே இருமாது." அண்ணன் நிதானமாகத்தான் பேசினார். "பன்னண்டு பேரு வாங்கிட்டுப் போயி, இது ஏன் அந்த மாதிரி கத்தலன்னு தூக்கிட்டு வருவாங்க. பதினொரு வருஷம் பழுதப் பழுதுன்னு சொல்லித்தான் தங்கச்சி தொழில் செஞ்சேன். வேற எனக்குத் தெரியாது."

"திரும்பச் செய்வோம் நானா. ஓட்டையோட," என்றான் பாயிஸ்.

"ராஜலிங்கம் மாமாட ரேடியோ ஒண்ணுதானேப்பா இருந்திச்சு."

மற்றப் பெட்டிகளும் அப்படித்தான். எல்லா டிரான்சிஸ்டரும் கல்லுக்குள். உடைத்தால் அவையும் சேர்ந்து உடையும். ஒன்றை உடைத்துப் பார்த்தார், அப்படியே நடந்தது.

ஞாயிறு காலை நான் வத்தேகமைக்குப் போனேன். ஏன் போனேன் என்று தெரியாது, இருக்க முடியவில்லை. ஆறு மணி, மலையில் மூடுபனி. வீட்டுக்குக் கிட்டப் போகும்போதே கேட்டது. அண்ணன் ராஜலிங்கத்தைக் கொழுவி, யாரோ விட்டுப்போன ஒரு கிட்டாரில் ஒரே கம்பியை அடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு கம்பிதான். ஆனால் அந்தச் சத்தம்! முழுசாக, இருமல் இல்லாமல், தேயிலைக்கு மேலால் போய் அந்தப் பக்கத்து மலையில் முட்டியது.

சுகிர்தா அக்கா வாசலில் தேத்தண்ணீரோடு நின்றார். "விடியக்காலையில இருந்து இதான்," என்றார். "வந்து கேளுங்கன்னு நேத்து ராத்திரி அந்த முதலாளிகிட்ட போன்ல சொன்னாரு. மலையில யாரு பங்க் கேட்கிறதுன்னு சிரிச்சாராம்."

ராஜலிங்கமும் பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார், சால்வையைத் தலையில் போட்டுக்கொண்டு. அவருக்கு யாரும் கொழும்புக் கதையைச் சொல்லியிருக்கவில்லை. "என்னா கஜே, கொழும்புல என் பேருக்குக் கை தட்டினாங்களா?"

"தட்டினாங்க மாமா," என்றார் அண்ணன். "ரொம்ப நேரம் தட்டினாங்க."

அது பொய் இல்லை. அதைச் சொல்லிவிட்டுக் கிட்டாரைக் கீழே வைத்தார். திரும்ப எடுக்கவில்லை.

மே ஏழாம் திகதி போனார். பெட்டிகளை எங்களிடம் தந்துவிட்டார். ராஜலிங்கம் இப்போது எங்கள் பின்னறை அலுமாரியில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டை மழை நாட்களில் மட்டும் லதுஷா எடுத்து மிதிப்பாள். மேடைக்கு அவளும் திரை வைத்த டிஜிட்டல் பெட்டி வாங்கிவிட்டாள். நான் குறை சொல்லமாட்டேன். எந்த ஊரிலும், எந்த வெயிலிலும் ஒரே மாதிரிக் கத்துகிறது. எங்களுக்கு இப்போது நல்ல பெயர். போன மாதம் அதே கொழும்பு மண்டபத்தில் வாசித்தோம். ஒருத்தன் முன்னால் வந்து, "அந்த அறுந்து அறுந்து வர்ற சத்தத்தைப் போடுங்க!" என்று கத்தினான். லதுஷா அந்தப் பெட்டிக்குள் இருக்கிற இருநூறையும் தேடிப் பார்த்தாள். கிட்டத்தட்ட அது மாதிரி ஒன்று இருந்தது. அதைப் போட்டாள், அவன் குதித்தான்.

ஒரு பெட்டியையும் கொண்டுபோகாத அண்ணன் சட்டைப் பையில் ஒரே ஒரு டிரான்சிஸ்டரைக் கொண்டுபோயிருக்கிறார். அது எங்களுக்கு இப்போதுதான் தெரியும். நேற்று ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். பின்னால் பெரிய இயந்திரம் ஒன்று இரைகிறது, அவர் கத்தித்தான் பேசுகிறார்.

"வெளியில நாப்பத்தாறு டிகிரி தம்பி. மீற்றர்ல கொழுவிப் பார்த்தேன். விரலே வைக்கல, முள்ளு அந்தக் கடைசிக்குப் போய் முட்டிருச்சு." சிரிக்கிறார். "ஆனா உள்ள ரூமெல்லாம் பதினெட்டு. முந்நூற்றிப் பன்னண்டு ரூம். எல்லாத்தையும் பதினெட்டுல வச்சிருக்கிறதுதான் நமக்கு வேல. நம்ம வீட்டு விடியக்காலை மாதிரியே இருக்கு. ராஜலிங்கத்த இங்க வச்சாப் பாடும்."

இயந்திரம் கொஞ்ச நேரம் தனியாக இரைகிறது.

"ஆனா கேக்க ஆள் இருக்கிற ரூமுக்குள்ள போறதுக்கு எங்களுக்கு அனுமதி இல்ல," என்கிறார். பதிவு அதோடு முடிகிறது.